கேம்பிரிட்ஜில் ஓட்டு வாங்கிய குமாரமங்கலத்துக்காரர்



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மறைந்த பெரிய மனிதர் யாரைப் பற்றியாவது இருந்தால் நல்லது என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். நம் மலரில் வழக்கமாக விஸ்வேஸ்வரய்யா வருவார், ராமானுஜன் வருவார், கலாம் வருவார். பொறியியல் கல்லூரி மலர் என்றால் அப்படித்தான் இருக்கும். இந்த வருஷம் நான் கொஞ்சம் திசை மாறுகிறேன். காரணம், கல்லூரியில் நடக்கிற சமாச்சாரம். தன்னாட்சி வந்தாச்சு. பாடத்திட்டம் மாறியாச்சு. அதோட மாணவர் பேரவைக்கு இனிமேல் நியமனம் கிடையாது, ஓட்டுப் போட்டுத்தான் ஆள் எடுப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஸ்டாப்பில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் பசங்களுக்குள் இப்போது இதே பேச்சுதான். மெக்கானிக்கல் ஓட்டு யாருக்கு, ஹாஸ்டல் ஓட்டு யாருக்கு, லேடீஸ் ஹாஸ்டல் யார் பக்கம்... வேலைக்குப் போக நானும் அதே ஸ்டாப்பில்தான் நிற்கிறேன் என்பதால் எல்லாம் காதில் விழுகிறது.

எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, 2006 செப்டம்பரில், லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு. கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடத்த வேண்டும், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பேப்பரில் படித்துவிட்டு ஹாஸ்டலில் ரெண்டு நாள் பேசினோம். பிறகு இன்டர்னல் டெஸ்ட் வந்தது, பேச்சு போச்சு. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் இப்போதைக்கு நியமனமே செய்துகொள்ளலாம் என்று அதே குழு ஒரு சந்தும் விட்டிருந்ததால் தமிழ்நாட்டின் பெரும்பாலான தனியார் கல்லூரிகளுக்கு அந்தச் சந்தே ராஜபாட்டை ஆயிற்று.

ஆகவே, முதல்முறை ஓட்டுப் போடப் போகும் தம்பி தங்கைகளுக்காக, மாணவர் தேர்தலில் நின்று ஜெயித்த ஒரு தமிழரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். பெயர் உங்களுக்குத் தெரியும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரியின் போர்டில் இருக்கிறது. மோகன் குமாரமங்கலம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆளைத்தான் பலருக்குத் தெரியாது. நானும் ரொம்ப நாள் அவர் ஒரு டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

குமாரமங்கலம் என்பது திருச்செங்கோட்டுப் பக்கம், அன்றைய சேலம் ஜில்லாவில் ஒரு ஜமீன். ஜமீன்தார் டாக்டர் ப.சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். அம்மா ராதாபாய், மங்களூர்க்காரர். அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த குட்முல் ரங்கராவின் மகள். இளம் வயதில் விதவையானவர். அவருக்கும் சுப்பராயனுக்கும் நடந்தது ஜாதி கடந்த மறுமணம், அதுவும் முதல் உலகப் போருக்கு முன்னால். 1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன இரண்டு பெண்களில் ராதாபாய் ஒருவர். இந்தத் தம்பதிக்கு மூன்று மகன், ஒரு மகள். மூத்தவர் பரமசிவ பிரபாகர் பிற்காலத்தில் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி. மகள் பார்வதி, பார்வதி கிருஷ்ணன் என்று கோவை மக்களுக்கு நன்றாகத் தெரிந்த கம்யூனிஸ்ட் எம்.பி. மோகன் 1916 நவம்பர் 1-ம் தேதி லண்டனில் பிறந்தார்.

படித்தது ஈட்டன். இங்கிலாந்தின் பிரதம மந்திரிகளை வரிசையாகப் பெற்றுப் போட்ட பள்ளிக்கூடம் அது. அதற்குப் பிறகு கேம்பிரிட்ஜ், கிங்ஸ் கல்லூரி. நம்ம ஆளுங்களுக்காக ஒரு சின்ன விஷயம்: கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் ட்யூரிங் எந்திரம் இருக்கிறதே, அதைப் பற்றிய கட்டுரையை ஆலன் ட்யூரிங் 1936-ல் எழுதியபோது அவர் இதே கிங்ஸ் கல்லூரியில் ஃபெல்லோ. பொருளாதார மேதை கெய்ன்ஸும் அதே கல்லூரிக்காரர்தான்.

ஆனால் கேம்பிரிட்ஜ் அன்று அமைதியாகப் படிக்கிற இடமாக இல்லை. ஊரே நிறம் மாறிக்கொண்டிருந்தது. 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் வந்தாச்சு. இங்கிலாந்தில் வேலையில்லாதவர்கள் பட்டினி ஊர்வலமாக லண்டனுக்கு நடந்தார்கள். 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். கேம்பிரிட்ஜில் படித்த இளம் கவிஞர் ஜான் கார்ன்ஃபோர்டு அங்கே போய்ச் சண்டையிட்டு, அந்த வருஷ முடிவில் உயிரை விட்டார். வயது 21. அதுவரை படகுப் போட்டி, ஷெர்ரி விருந்து என்று இருந்த பணக்காரப் பிள்ளைகளின் ஊரில், சோஷலிஸ்ட் கிளப்புக்கு 1938-ல் ஏறக்குறைய 1,000 உறுப்பினர்கள். பல்கலைக்கழகத்தின் மொத்தக் கூட்டத்தோடு பார்த்தால் சுமார் ஐந்தில் ஒருவர்! இடதுசாரியாக இருப்பது அன்று அங்கே ஒரு ஃபேஷனாகவும் இருந்தது, நிஜமான கவலையாகவும் இருந்தது. யாருக்கு எது என்பதைப் பின்னால் வந்த வாழ்க்கைதான் பிரித்துக் காட்டியது.

இந்த இடத்தில் கேம்பிரிட்ஜ் யூனியன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். நம்ம பேரவை மாதிரி கேன்டீன் விலைக்கும் பஸ் ரூட்டுக்கும் சண்டை போடுகிற அமைப்பு இல்லை. 1815-ல் தொடங்கின விவாத சபை. பிரிட்ஜ் தெருவில், வட்டக் கோயில் என்று சொல்லும் பழைய தேவாலயத்துக்குப் பின்னால் சொந்தக் கட்டடம், சொந்த நூலகம், பார்லிமென்ட் மாதிரி எதிரெதிர் வரிசை. ஒரு தீர்மானம் போடுவார்கள். ஆதரித்தும் எதிர்த்தும் பேசி, கடைசியில் ஓட்டெடுப்பார்கள். மந்திரிகளே வந்து மாணவர்களோடு மல்லுக்கு நிற்பது உண்டு. இதே மாதிரியான ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் 1933-ல் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் சண்டை போட மாட்டோம் என்று 275-க்கு 153 ஓட்டில் தீர்மானம் நிறைவேறி, இங்கிலாந்துப் பத்திரிகைகள் எல்லாம் கொதித்தன. மாணவர் கூட்டம்தானே என்று யாரும் அதை ஒதுக்கிவிடவில்லை.

யூனியன் தலைவர் பதவி ஒரு தவணைக்கு மட்டும்தான். வருஷத்துக்கு மூன்று தவணை, மூன்று தலைவர்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் உறுப்பினர்கள், அதாவது எதிர் வரிசையில் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அங்கேயே உங்களைக் கிண்டல் செய்த அதே ஆட்கள். அப்பா ஜமீன்தார் என்பது அங்கே சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை. இங்கிலீஷ் பிரபுக்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார்கள்.

1938-ல் மோகன் குமாரமங்கலம் அதில் உட்கார்ந்தார். இந்தியர், அதுவும் இருபத்தொரு இருபத்திரண்டு வயதுப் பையன், அதுவும் கம்யூனிஸ்ட்.

இதன் கனம் புரிய, அதே வருஷம் சென்னையில் நிலைமை எப்படி என்று பார்த்தால் போதும். மெட்ராஸ் கிளப்பில் இந்தியர் யாரும் உறுப்பினர் ஆக முடியாது. முதல் மந்திரியாக இருந்து ஓய்ந்த சுப்பராயனுக்கும் அந்தக் கதவு திறக்காது. மகனோ வெள்ளைக்கார மாணவர்களின் ஓட்டை வாங்கி, அவர்களுடைய சபைக்கே தலைவர். குடும்பத்தில் அந்த வருஷம் அது ஒன்று மட்டும் இல்லை. 1938-லேயே அம்மா ராதாபாய் டில்லியில் மாநில கவுன்சில் என்ற மேல்சபைக்குத் தேர்வானார், அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினராக. ஒரே வருஷத்தில் அம்மாவும் பிள்ளையும்!

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், லேடீஸ் ஹாஸ்டலில் கேட்பார்கள். மோகன் தலைவரான யூனியனில் பெண்கள் உறுப்பினராக முடியாது. 1963-ல்தான் சேர்த்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததே 1948-ல். உலகத்து நியாயம் எல்லாம் விவாதித்த சபையில் அந்தக் கதவு அத்தனை வருஷம் மூடியே இருந்தது.

மோகனின் கூட்டாளிகள் யார் யார் என்று பார்த்தால் சுவாரசியம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் அதே கிங்ஸ் கல்லூரி, நண்பர். 1996-ல் இந்தியாவின் உள்துறை மந்திரியான இந்திரஜித் குப்தாவும் கிங்ஸ். மோகனுக்குப் பின் கொஞ்ச காலத்திலேயே இலங்கையைச் சேர்ந்த பீட்டர் கெனமன் அதே யூனியனுக்குத் தலைவரானார். அவரும் கம்யூனிஸ்ட், பின்னாளில் இலங்கையில் மந்திரி. இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் ஐ.சி.எஸ். எழுதி ஜில்லா கலெக்டராகத் திரும்பி வருவதுதான் அந்தக் கால நியதி. இந்தக் கூட்டம் அதைச் செய்யவில்லை.

மோகன் பாரிஸ்டர் பட்டமும் வாங்கிக்கொண்டு 1939-ல் ஊர் திரும்பினார். கம்யூனிஸ்ட் கட்சி அன்று தடை செய்யப்பட்ட கட்சி. போரும் தொடங்கிவிட்டது. இங்கே அவர் பெரிய வக்கீலாக உட்கார்ந்திருக்கலாம், அப்பாவின் செல்வாக்கு ஒன்று போதும். அவர் தலைமறைவு வேலைக்குப் போனார். பி.ராமமூர்த்தி, சி.எஸ்.சுப்பிரமணியம் முதலானவர்களோடு சென்னை சதி வழக்கில் மாட்டி, சிறைக்குப் போனார். அந்த வழக்கில் இன்னொருவர் ஆர்.உமாநாத், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். கேம்பிரிட்ஜ் யூனியன் நாற்காலியும் சிதம்பரம் வகுப்பறையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் வந்து நின்றன.

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தக் குடும்பத்து நிலைமை எந்த சினிமாவிலும் வராது. 1947-ல் அப்பா சுப்பராயன் சென்னையின் உள்துறை மந்திரி, போலீஸ் அவர் கையில். மகனும் மகளும் கம்யூனிஸ்ட். மூத்த மகன் ராணுவத்தில். தீபாவளிக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

ஐம்பதுகளில் மோகன் சென்னையில் பெயர் பெற்ற வக்கீல் ஆனார். அந்த வருஷங்களை வேகமாகத் தாண்டி 1965-க்கு வருகிறேன். ஏனென்றால் அங்கே நம்ம ஊர் வருகிறது.

செம்பரம்பாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நசரத்பேட்டை இருக்கிறது, தினமும் தாண்டிப் போகிறோம். 1965-ல் முதலமைச்சராக இருந்த எம்.பக்தவத்சலம் பிறந்த ஊர் அது. அந்த வருஷம் ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்றதும் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 27-ம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கல்லூரிகள் மூடப்பட்டன. பக்தவத்சலம் அரசு கடுமையாக நின்றது. அந்த வருஷமே மோகன் குமாரமங்கலம் இந்தியாவின் மொழி நெருக்கடி பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் பேசுகிற மொழியில்தான் நிர்வாகமும் படிப்பும் நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இதில் ஒரு குடும்பக் கதையும் இருக்கிறது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது கல்வி மந்திரி யார்? சுப்பராயன்தான். அதே சுப்பராயன் 1956-ல் ஆட்சிமொழிக் குழுவில் உட்கார்ந்து, இந்தியை அவசரப்பட்டுத் திணிப்பதை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதினார். அப்பா மாற 18 வருஷம் ஆனது. மகனுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1966-ல் பக்தவத்சலம் ஆட்சியிலேயே மோகன் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1967 தேர்தலில் முதலமைச்சர் நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் தோற்றார். விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசன். மாணவர் அரசியல் என்ன செய்யும் என்பதை இந்த மாநிலம் அன்று பார்த்த மாதிரி வேறு எப்போதும் பார்க்கவில்லை. நிர்வாகங்கள் பேரவைத் தேர்தல் என்றாலே இன்றைக்கும் நெளிவதற்கு அந்த ஞாபகமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு மோகன் காங்கிரசுக்கு வந்தார். 1971-ல் பாண்டிச்சேரியிலிருந்து லோக்சபாவுக்கு ஜெயித்து, இந்திரா காந்தி மந்திரிசபையில் உருக்கு, சுரங்கத் துறை மந்திரி. இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் செய்தது ஒரு இன்ஜினியருக்கு மலைப்பாக இருக்கிறது. 1971 அக்டோபரில் 214 கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை அரசு எடுத்தது. உருக்காலைக்கு வேண்டியது அந்த நிலக்கரி. நம் நாட்டில் குறைவாகக் கிடைப்பது. தனியார் முதலாளிகள் பலர் மேலாகக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மீதியை எரியவும் இடியவும் விட்டுவிட்டுப் போனார்கள். 1973 ஜனவரியில் மேலும் 711 சுரங்கங்கள். அதே ஜனவரி 24-ம் தேதி செயில் நிறுவனம் தொடங்கியது. நம் பேட்சிலேயே செயிலுக்கும் கோல் இந்தியாவுக்கும் பரீட்சை எழுதியவர்கள் இருக்கிறோம், அந்த விண்ணப்பத்துக்கு வேர் இங்கேதான். அரசு எடுத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1975 டிசம்பரில் சாஸ்நாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அது அரசு நிர்வாகத்தில் இருந்த சுரங்கம். தண்ணீரோடு வேலை செய்கிறவன் என்பதால் அந்த விபத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

அவரிடம் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. 1973 ஏப்ரல் 24-ம் தேதி கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு ஒரு எல்லைக்கோடு போட்டது. மறுநாளே ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். பார்லிமென்டில் எழுந்து நின்று அந்த முடிவை வாதாடிக் காப்பாற்றியவர் சட்ட மந்திரி அல்ல, உருக்கு மந்திரி மோகன். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு பார்க்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அபாரமான வாதம் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். யூனியன் தலைவரின் வேலை என்ன? இரண்டு பக்கத்துக்கும் சரிசமமாக நேரம் கொடுத்து, தன் பக்கம் தோற்றாலும் ஓட்டு எண்ணிக்கையை அப்படியே வாசிப்பது. 22 வயதில் அந்த வேலையைச் செய்தவர், 56 வயதில் நடுவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு பக்கத்துக்கே வேண்டும் என்று வாதாடினார். நல்ல நோக்கம் இருந்திருக்கலாம். என் கணக்கில் அது தப்புதான். அவர் அபிமானிகள் என்னோடு சண்டைக்கு வரலாம், சந்திப்பு நாளன்று ரெண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொரு சேதி. காங்கிரசின் மாணவர் அமைப்பான என்.எஸ்.யு.ஐ. 1971-ல் தொடங்கியபோது அதன் முதல் அகில இந்தியத் தலைவர் மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம். பின்னாளில் திருச்சி எம்.பி.யாக, வாஜ்பாய் அரசில் மின்சார மந்திரியாக இருந்து 2000-ல் காலமானவர். அப்பா தனி ஆளாக மேடையில் பேசி ஓட்டு வாங்கினார். மகன் காலத்தில் மாணவர் தேர்தலுக்குக் கட்சிக்கொடி வந்துவிட்டது. இரண்டில் எது வசதி, எது நல்லது என்று நம் பசங்க ஓட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் எனக்கு சந்தோஷம்.

நிலக்கரிச் சுரங்கங்கள் முழுசாக நாட்டுடைமை ஆனது 1973 மே 1. அதே மாதம் 31-ம் தேதி மோகன் சென்னையிலிருந்து இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானத்தில் டில்லி கிளம்பினார். பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது புழுதிப் புயல். விமானம் தரையில் மோதியது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மோகன் ஒருவர். கோவை எம்.பி.யாக இருந்த கே.பாலதண்டாயுதம் இன்னொருவர். அவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர், சிறையில் பல வருஷம் கழித்தவர். மோகன் காங்கிரசுக்குப் போன பிறகும் பாலதண்டாயுதம் பழைய கட்சியிலேயே இருந்தார். அன்று இருவரும் ஒரே விமானத்தில் போனார்கள்.